ஆகாயக் கப்பல்கள் – 6: கணக்கு வாத்தியார்

1911 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. பாரோ துறைமுகம். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் ஆகாயக் கப்பல் கொட்டகையை விட்டு மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. 512 அடி நீளம். கயிறுகளைப் பிடித்தபடி மாலுமிகள். மூக்கைத் திருப்ப வேண்டிய நேரத்தில் பக்கவாட்டிலிருந்து காற்று அடித்தது. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

கப்பலின் நடுமுதுகு ஒடிந்தது.

உள்ளே இருந்தவர்கள் தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கும் மேலான உழைப்பு ஒரு முறைகூடப் பறக்காமல் துறைமுகத் தண்ணீரில் கிடந்தது. மாலுமிகள் அதற்கு வைத்திருந்த பெயர் 'மேஃப்ளை'. நம்மூர் ஈசலைப் போல ஒரு நாள் பறந்து மறுநாள் இல்லாமல் போகும் பூச்சி அது. அந்த ஒரு நாள்கூட இந்தக் கப்பலுக்குக் கிடைக்கவில்லை.

இது ஒடியும் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். கப்பலைக் கட்டிய விக்கர்ஸ் கம்பெனியின் வரைபட அறையில் வேலை பார்த்த எச்.பி.பிராட். கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தச் சட்டகம் தாங்காது என்று எடுத்துச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறுத்துப்போய் வேலையை விட்டு, வைட் தீவில் கவ்ஸ் என்ற ஊரிலிருந்த ஒரு கப்பல் பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். பட்டப்படிப்பு இல்லாதவர், ஆனால் வரைபலகையை விட்டு எழுந்திருக்காத இளைஞர். பெயர் பார்ன்ஸ் வாலிஸ்.

இந்தத் தொடரின் நாயகன் யார் என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு இதோ பதில்.

தென்கிழக்கு லண்டனில் நியூ கிராஸ் ரோட்டை அறியாத லண்டன் தமிழர் குறைவு. லூயிஷம் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் பேருந்தில் கடந்துபோகும் சாலை. அங்கே 241-ஆம் எண் வீட்டுச் சுவரில் வட்டமான நீலப் பலகை ஒன்று பதித்திருக்கிறது. பார்ன்ஸ் வாலிஸ் 1892 முதல் 1909 வரை இங்கே வாழ்ந்தார் என்று சொல்லும் பலகை. போன மாதம் ஒரு மழை நாளில் அந்த வீட்டுக்கு எதிரே கால் மணி நேரம் நின்றேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலையின் இரைச்சல் ஒரு நொடிகூட ஓயவில்லை. இந்த வீட்டில்தான் அவருடைய அப்பா, ஒரு மருத்துவர், இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்த பிறகும் நோயாளிகளைப் பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது எட்டாத பேச்சு. கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பழைய அறக்கட்டளைப் பள்ளியில் படித்த வாலிஸ், 17 வயதில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிளாக்ஹீத்தில் இருந்த தேம்ஸ் இன்ஜினீயரிங் ஒர்க்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கவ்ஸ். அங்கே பிராட்.

1913-இல் விக்கர்ஸுக்குப் புத்தி வந்தது. ஒடியும் என்று சொன்ன மனிதரையே திரும்பக் கூப்பிட்டது. பிராட் வரும்போது வாலிஸையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

கடற்படைக்கு எதற்கு ஆகாயக் கப்பல்? சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. வந்ததையும் யாரும் பார்க்கவில்லை, போனதையும் தடுக்கவில்லை. 'எம்டன்' என்பது தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அந்த இரவில் பிரிட்டிஷ் கடற்படையிடம் பீரங்கி இருந்தது, கப்பல் இருந்தது. கண் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரப் பாய்மரத்தில் ஏறி நிற்கும் மாலுமிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவுவரை கடல் தெரியும். 600 மீட்டர் உயரத்தில் மிதப்பவனுக்கு 87 கிலோமீட்டர். அன்றைய ஏரோப்பிளேன் சில மணி நேரத்தில் இறங்கியாக வேண்டும். ஆகாயக் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் மேலேயே நிற்கும். ஜெர்மானியரிடம் செப்பலின்கள் இருந்தன. அப்படிச் சட்டகம் உள்ள கப்பல் என்று பிரிட்டன் கட்டியிருந்தது ஒடிந்த மேஃப்ளை மட்டுமே.

பிராட்டும் வாலிஸும் வரைந்த புதிய கப்பலுக்கு எண் 9. போர் மூண்டது. கண் தேவைப்படும் நேரம் வந்துவிட்டது, வேலை மும்முரமாகும் என்றுதானே நினைப்போம்? 1915 தொடக்கத்தில் கடற்படை அமைச்சகம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. போர் சீக்கிரம் முடிந்துவிடும், அதற்குள் இது முடியாது என்பது காரணம். வரைபட அறை கலைந்தது. வாலிஸ் பேசாமல் போய் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். சில மாதங்கள்தான். கடற்படை மனம் மாறியது. கப்பல் வேண்டும் என்றது. அணிவகுப்பு மைதானத்திலிருந்து பிடித்துக் கொண்டுவந்து, கடற்படையின் விமானப் பிரிவில் சப்-லெப்டினன்ட் பதவி கொடுத்து, மறுபடி அதே வரைபலகையின் முன் உட்காரவைத்தார்கள். எண் 9 பறந்தபோது 1916 நவம்பர் ஆகிவிட்டது.

இதை நான் வேண்டுமென்றே விரிவாகச் சொல்கிறேன். ஆயுதத் தொழிலுக்கு உலகம் முழுவதும் ஒரே நோய்தான். வாங்குவதற்கு இருப்பது ஒரே ஆள்: அரசாங்கம். அது வேண்டும் என்றால் இரவும் பகலும் வேலை. வேண்டாம் என்றால் மறுநாள் காலை வாசலில் பூட்டு. கொட்டகையைப் பூட்டி வைத்தால் பத்து வருடம் கழித்தும் திறந்துகொள்ளலாம். அதற்குள் வேலை கற்ற கைகள் கலைந்துபோனால் அவற்றை எங்கே போய்த் திரட்டுவது? வாலிஸின் வாழ்க்கையில் இந்தக் கதவு எத்தனை முறை மூடித் திறந்தது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். இது முதல் முறை.

போர் முடிந்தது. 1920 ஜூலை 19. வாலிஸ் தனியாக வடிவமைத்த முதல் கப்பல், ஆர்-80, பாரோவிலிருந்து எழுந்தது. அதுவரை வந்த பிரிட்டிஷ் கப்பல்களெல்லாம் நடுவில் குழாயும் இரு முனையில் மூடியுமாக, பென்சில் போல இருக்கும். ஆர்-80 மீன் போல இருந்தது. மூக்கிலிருந்து வால்வரை எங்கும் நேர்கோடு இல்லை. கட்டுவது கடினம், காற்றைக் கிழிப்பது சுலபம். ஆனால் போர் இல்லாத கடற்படைக்கு இதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அமெரிக்கக் கடற்படை ஆர்-38 என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலை விலைக்குக் கேட்டிருந்தது. அதை ஓட்டப்போகும் அமெரிக்க மாலுமிகளுக்குப் பயிற்சிப் பள்ளிக்கூடமாக ஆர்-80 சில முறை பறந்தது.

அந்த ஆர்-38, 1921 ஆகஸ்ட் 24 அன்று ஹல் நகரத்தின் மேலே சோதனைக்காக வளைந்து வளைந்து திரும்பியது. நகரமே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சுருக்கம் தெரிந்தது. பிறகு கப்பல் இரண்டாகப் பிளந்தது, தீப்பிடித்து ஹம்பர் நதியில் விழுந்தது. 49 பேரில் 44 பேர் மாண்டார்கள். விசாரணையில் வந்த உண்மை இன்னும் கொடுமை: வேகமாகத் திரும்பும்போது காற்று கொடுக்கும் அழுத்தத்தை வடிவமைத்தவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. மறந்து போகவில்லை, தப்பாகப் போடவில்லை. போடவே இல்லை.

பிரிட்டிஷ் அரசு ஆகாயக் கப்பல் வேலையை நிறுத்தியது. விக்கர்ஸ் தன் ஆகாயக் கப்பல் பிரிவை மூடியது. இது இரண்டாம் முறை. வாலிஸுக்கு வயது 34. வேலை இல்லை, பட்டம் இல்லை, கையில் இருந்தது உலகத்துக்கு இனித் தேவையில்லாத ஒரு வித்தை.

அவர் அப்போது எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். லண்டன் பல்கலைக்கழகத்தில் கல்லூரிக்குப் போகாமலே தேர்வு எழுதிப் பட்டம் வாங்கும் வழி ஒன்று இருந்தது. நம்மூரில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிப்பவர்களின் மூதாதை அது. இலங்கையிலும் இந்தியாவிலும் எத்தனையோ பேர் ஊரை விட்டு நகராமல் 'லண்டன் பட்டம்' வாங்கியது இந்த வழியில்தான். ஆகாயக் கப்பலையே வடிவமைத்தவர் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். சில மாதங்களில் தேர்வு எழுதி, 1922-இல் பொறியியல் பட்டம் வாங்கினார்.

அதே வருடம் ஈஸ்டர் சமயத்தில் இன்னொன்று நடந்தது. அவருடைய அப்பா மறுமணம் செய்துகொண்டது பிளாக்ஸம் என்ற குடும்பத்தில். அந்த வகையில் இரத்த உறவு இல்லாத ஓர் உறவுப் பெண்ணைச் சந்தித்தார். மோலி பிளாக்ஸம். அவளுக்கு 17. அவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு.

மனம் போய்விட்டது.

மோலியின் அப்பா ஆர்தர் பிளாக்ஸமுக்கு இது பிடிக்கவில்லை. இதில் அவர் பக்கம்தான் நான் நிற்பேன். பள்ளிப் படிப்பை முடித்த மகள், வேலையில்லாத 34 வயது மனிதர். எந்த அப்பா சம்மதிப்பார்? ஆனால் அவர் முழுக் கதவையும் சாத்தவில்லை. மோலி லண்டன் கவர் தெருவில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜில் சேரப்போகிறாள். அவளுக்குக் கணக்கு வராது. வாலிஸுக்குக் கணக்கு வரும். காதல் பேச்சு கூடாது, கணக்குப் பாடம் எழுதி அனுப்பலாம் என்று ஏற்பாடாயிற்று.

வாலிஸ் ஸ்விட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ஜெனீவா ஏரிக்கரையில் வில்நவ் என்ற ஊரில், ஷியோன் காலேஜ் என்ற ஆங்கிலப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. பகலில் பையன்களுக்கு வகுப்பு. இரவில் விளக்கடியில் உட்கார்ந்து ஒரே ஒரு மாணவிக்குக் கடிதம். முக்கோணவியல், நுண்கணிதம், மின்னியல். பக்கம் பக்கமாகப் போயின. படங்கள், வரைகோடுகள், நடுநடுவே கேள்விகள். அவர்களுடைய மகள் மேரி ஸ்டோப்ஸ்-ரோ அந்தக் கடிதங்களைத் தொகுத்து 2005-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். உலகத்தில் நுண்கணிதம் சொல்லிக்கொடுக்கும் காதல் கடிதங்கள் வேறு எங்கேனும் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை.

நுண்கணிதத்தைக் கடிதத்தில் எப்படிச் சொல்லித் தருவது? கரும்பலகை இல்லை. எதிரே முகம் இல்லை. புரிந்ததா என்று கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எனக்குத் தெரிந்த உதாரணத்தில் முயன்று பார்க்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது. நேற்று 90 அடி, இன்று 92 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 2 அடி ஏறியிருக்கிறது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு, அந்தக் கணத்தில், எந்த வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது? ஒரு நாளைக்குப் பதில் ஒரு மணி நேரத்தை எடுக்கலாம். ஒரு நிமிடத்தை எடுக்கலாம். ஒரு நொடியை எடுக்கலாம். இடைவெளி சுருங்கச் சுருங்க, விடை ஓர் எண்ணை நோக்கி நெருங்கி வந்து நிற்கும். அந்த எண்தான் அந்தக் கணத்தின் வேகம். நுண்கணிதத்தின் வாசல்படி இவ்வளவுதான். இதை எழுத எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. ஒவ்வொரு வாக்கியத்திலும், படிப்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது.

மாதக்கணக்கில் அதைச் செய்தவர் வாலிஸ். எதையும் 'இது இப்படித்தான்' என்று விட்டுவிட முடியாது. ஏன் என்று மறுதபாலில் கேள்வி வரும். ஆர்-38-ஐ வடிவமைத்தவர்களுக்கு அப்படிக் கேள்வி கேட்க ஒரு மோலி இருந்திருந்தால், திரும்பும்போது காற்று என்ன செய்யும் என்று ஒரு வரி கேட்டிருந்தால், அந்த 44 பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

(அணை என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் அது திரும்ப வரும். அப்போது அது மேட்டூர் அணையாக இருக்காது.)

லண்டனில் அப்போது ஒரு கடற்படை அதிகாரி அரசாங்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். டென்னிஸ்டன் பர்னி. கடல் கண்ணிவெடியின் கம்பியை அறுக்கும் 'பாராவேன்' என்ற கருவியைக் கொண்டுவந்தவர். அவர் கையில் ஒரு திட்டம் இருந்தது: பெரிய ஆகாயக் கப்பல்களைக் கட்டி இந்தியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் பயணிகளை ஏற்றிச் செல்வது. கப்பலில் பம்பாய்க்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் காலம். ஆகாயத்தில் ஐந்தாறு நாள் போதும். போர் வந்தால் அதே கப்பல்கள் கடற்படைக்குக் கண்ணாகும். விக்கர்ஸ் இதில் இறங்கியது. 1923 கடைசியில் அதற்கென்றே ஒரு கம்பெனி பிறந்தது.

வடிவமைக்க ஆள்? விக்கர்ஸ் மறுபடி வாலிஸைக் கூப்பிட்டது. இரண்டாம் முறை மூடிய கதவு திறந்தது.

1924-இல் பிரிட்டனில் முதல் தொழிற்கட்சி அரசு. விமான அமைச்சர் தாம்சன் பிரபு ஒரு முடிவு எடுத்தார். ஒரு கப்பல் அல்ல, இரண்டு. ஆர்-100-ஐ விக்கர்ஸின் கம்பெனி கட்டட்டும், 3,50,000 பவுண்டு நிலையான விலைக்கு. ஆர்-101-ஐ அரசே கார்டிங்டனில் கட்டட்டும். எது சிறந்தது என்று பார்ப்போம். மக்கள் ஒன்றுக்கு முதலாளித்துவக் கப்பல் என்றும் மற்றொன்றுக்கு சோஷலிசக் கப்பல் என்றும் பெயர் வைத்தார்கள்.

காகிதத்தில் இது நல்ல யோசனை. போட்டி வந்தால் தரம் உயரும் என்பார்கள். ஆனால் இரண்டு கப்பலையும் சோதித்து, பறக்கலாம் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டியது யார்? அதே விமான அமைச்சகம். போட்டியில் ஓடுகிறவரே நடுவராகவும் நின்றார். இந்தத் திட்டத்தின் ஆதிப் பிழை இதுதான் என்பது என் முடிவு.

1925 ஏப்ரல் 23. மோலிக்கும் வாலிஸுக்கும் திருமணம். அப்பா கடைசியில் சம்மதித்தார். கணக்குப் பாடம் முடிந்தது, குடித்தனம் தொடங்கியது. யார்க்‌ஷயரில் ஹோடன் என்ற ஈரம் ஊறிய கிராமத்துப் பக்கம், போர்க்காலத்தில் கடற்படை விட்டுப்போன பழைய கொட்டகையில் ஆர்-100 வளரத் தொடங்கியது.

விலை நிலையானது என்பதால் வாலிஸுக்குக் கை கட்டிவிட்டது போல. வீணாக்கப் பணம் இல்லை. அந்தக் கட்டு அவரை எளிமைக்குத் தள்ளியது. 700 அடிக்கு மேல் நீளமான கப்பலின் எலும்புக்கூட்டை வெறும் 11 வகை உறுப்புகளை வைத்தே கட்டினார். அவ்வளவு பெரிய டியூராலுமின் குழாய்கள் வெளியே கிடைக்கவில்லை. உலோகத் தகட்டை நீள நாடாவாக வெட்டி, சுருள் சுருளாகச் சுற்றி, விளிம்பில் ரிவெட் அடித்துக் குழாயாக்கினார்கள். வேலை செய்தவர்களில் பலர் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும். அவர்களுக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டியிருந்தது.

கணக்குகளுக்குத் தலைவராக வந்தவர் நெவில் ஷூட் நார்வே என்ற இளைஞர். பகலில் கணக்கு, இரவில் கதை. பின்னாளில் நெவில் ஷூட் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் அவர்தான். கப்பலின் ஒவ்வொரு குறுக்கு வளையத்துக்கும் இரண்டு பேர் ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் உட்கார வேண்டும். முதலில் பாரம் ஏறும்போது எந்தெந்தக் கம்பிகள் தளர்ந்துவிடும் என்று ஒரு யூகம். அதை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசியில் விடை பொருந்தவில்லை என்றால் யூகத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து. ஐம்பது தாள் கிறுக்கிய பிறகு எல்லாம் பொருந்தி வரும் அந்த நொடியைப் பக்தி அனுபவத்துக்கு ஒப்பாகப் பின்னாளில் எழுதினார் ஷூட். ஆர்-38-இன் விசாரணை அறிக்கையைப் படித்து அதிர்ந்துபோனவர் அவர். தங்கள் கப்பலில் போடாத கணக்கு என்று ஒன்று இருக்கக்கூடாது என்பதில் அவரும் வாலிஸும் ஒன்று.

இங்கே வாலிஸ் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பைகளை அவற்றின் இடத்தில் பிடித்து வைக்க ஒரு கம்பி வலை. உப்பிய பைமேல் கம்பி எந்தப் பக்கமும் வழுக்காமல் நிற்க வேண்டும். ஒரு தர்பூசணிப் பழத்தின்மேல் ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டிப் பாருங்கள். அது தானாக வழுக்கி, குறைந்த தூரத்தைத் தேடிப் போய் உட்காரும். வளைந்த பரப்பின்மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஆகக் குறுகிய அந்தப் பாதையில் கம்பிகளை ஓடவிட்டார். இந்தக் கம்பி வலை பின்னாளில் ஒரு குண்டுவீச்சு விமானமாக மாறும். அது இன்னொரு வாரத்துக்கு.

கார்டிங்டனில் ஆர்-101 வேறு மாதிரி வளர்ந்தது. பணத்துக்குக் குறைவில்லை, புதுமைக்கும் குறைவில்லை. பிரச்சினை எடை. இந்தியாவின் வெயிலில் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும், ஆபத்து என்று டீசல் எஞ்சின்களைப் போட்டார்கள். அவை கல்லாய்க் கனத்தன. ஆர்-100-இல் இருந்தது பெட்ரோல் எஞ்சின். அதனாலேயே அதற்குக் குளிர்ந்த கனடா, ஆர்-101-க்கு இந்தியா என்று பயணத்தைப் பிரித்தார்கள்.

ஆர்-100, 1929 டிசம்பர் 16 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1930 ஜூலை 29-இல் கிளம்பி, 78 மணி நேரத்துக்குச் சற்று மேலாக அட்லான்டிக் கடலைக் கடந்து மான்ட்ரியல் சேர்ந்தது. ஷூட் அதில் இருந்தார். போய்த் திரும்பியும் வந்தது. வாலிஸ் அதற்கு முன்பே கப்பலை விட்டு லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜில் விக்கர்ஸின் விமானத் தொழிற்சாலைக்கு மாறியிருந்தார்.

இனி எல்லார் பார்வையும் ஆர்-101 மேல்.

தூக்கும் சக்தி போதவில்லை. 1930 கோடையில் கப்பலை நடுவில் வெட்டி, 45 அடி நீளத்துக்கு ஒரு துண்டைச் செருகி, இன்னொரு வாயுப் பையை வைத்தார்கள். பைகள் பெரிதாக உப்ப வேண்டும் என்பதற்காக அவற்றைப் பிடிக்கும் கம்பிகளையும் தளர்த்தியிருந்தார்கள். விளைவு, பைகள் அசைந்து அசைந்து சட்டகத்தின் ஆணிகளில் உரசி ஓட்டையாயின. ஜூலை மாதமே மக்வேட் என்ற பரிசோதகர் மேலிடத்துக்கு எழுதினார்: இந்த நிலையில் பறக்க அனுமதியை நீட்டிக்க நான் பரிந்துரைக்க முடியாது. உரசும் இடங்களில் பஞ்சுப்பட்டை சுற்றினால் போதும் என்று பதில் வந்தது.

19 வருடம் முன்பு பாரோவில் பிராட்டுக்கு நேர்ந்தது இப்போது இங்கே.

தாம்சன் பிரபுவுக்கு அவசரம். அக்டோபர் 20-க்குள் லண்டனில் நடக்கும் பேரரசு மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து பறந்து வந்து இறங்க வேண்டும். கராச்சியில் மாபெரும் கொட்டகை காத்திருந்தது. எகிப்தில் இஸ்மாயிலியாவில் கட்டுத்தூண் காத்திருந்தது, அங்கே கப்பலுக்குள்ளேயே விருந்துக்கு ஏற்பாடு. நீட்டிய கப்பல் பறந்து பார்த்தது ஒரே ஒரு முறை, அக்டோபர் 1, 2 தேதிகளில், ஏறத்தாழ 17 மணி நேரம். அதிலும் ஓர் எஞ்சினில் கோளாறு, முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. மோசமான வானிலையில் ஒரு முறைகூட ஓட்டவில்லை. பறக்கத் தகுதி உண்டு என்ற தற்காலிகச் சான்றிதழ் கிளம்பும் நேரத்தில் கைக்கு வந்தது.

அக்டோபர் 4, சனிக்கிழமை. மாலை 6.36. கார்டிங்டன் கட்டுத்தூணிலிருந்து ஆர்-101 விடுபட்டது. 54 பேர். தாம்சன் பிரபு, அவருடைய பெட்டிகள், தரைக்குப் புதிய கம்பளங்கள், விருந்துக்கான சாமான்கள். மேலே எழும்பவே 4 டன் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் ஆர்-100 அசையாமல் கிடந்தது.

இரவு 8 மணி வாக்கில் லண்டன். காற்றும் மழையும். சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே ஓடி வந்தார்கள். தாழ்வாக, மிகத் தாழ்வாக, வரிசையாக விளக்குகள் எரியும் ஒரு பெரிய நிழல் கூரைகளின் மேலே நகர்ந்து தெற்கே போனது. கையசைத்தார்கள். வானிலை இன்னும் கெடும் என்ற செய்தி அந்த நேரத்தில்தான் கப்பலுக்குக் கம்பியில்லாத் தந்தியில் வந்தது. திரும்பலாம் என்று உள்ளே யாரும் சொல்லவில்லை.

நள்ளிரவு தாண்டி 18 நிமிடம். பிரெஞ்சு நிலத்தின் மேலிருந்து ஒரு செய்தி: பயணிகள் நல்ல இரவு உணவு சாப்பிட்டார்கள், கடைசியாக ஒரு சுருட்டுப் பிடித்தார்கள், இப்போது படுக்கப் போயிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்குக் காவல் மாறியது. தூங்கியவர்கள் எழுந்து வந்தார்கள், விழித்திருந்தவர்கள் படுக்கப் போனார்கள். உயரத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. கீழே பொவே நகரத்தின் விளக்குகள் தெரிந்தன. மேலே, மூக்குப் பக்கம், மழையில் ஊறிய துணி படபடத்துக்கொண்டிருந்தது.

ஏழு நிமிடம் போனது. கப்பல் திடீரென்று தலையைக் கீழே சாய்த்தது.

(தொடரும்)